பன்னிரண்டு மடங்கு பலம்

"சார், கீழே இறங்குங்க" என்றார் கடைக்காரர், மூன்றாவது தடவையாக.

ஏறியவர் இறங்குவதாக இல்லை. காட்சிக்கு வைத்திருந்த சைக்கிள் ரேக்கின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, மெல்லக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரும்பு முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாராம்.

"அது ஆள் ஏறுறதுக்கு இல்ல சார். காருக்குப் பின்னாடி மாட்டி சைக்கிள் ஏத்துறதுக்கு."

"என்னையே தாங்கலைன்னா சைக்கிளை எப்படித் தாங்கும்?"

"நீங்க எழுபது கிலோ இருப்பீங்க. ரெண்டு சைக்கிளும் சேர்ந்தே முப்பதுதானே சார் வரும்?"

"முப்பதைப் பன்னெண்டால பெருக்குங்க."

கடைக்காரர் பெருக்கிப் பார்த்தார்.

"அது சைக்கிள் இல்ல சார், எருமை மாடு" என்றார்.

பன்னிரண்டு என்பது ரேக் மேல் நின்றவர் தானாகக் கண்டுபிடித்த கணக்கல்ல. அவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்டை ஏற்றி இறக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். லிஃப்டைத் தாங்கும் கயிறு, அது தூக்க வேண்டிய எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்று சேர்ந்த புதிதில் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அந்தப் பாடத்தை மாலையில் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் கையோடு கொண்டுவந்துவிட்டார். நாற்காலி வாங்கினால் பன்னிரண்டு பேர் கனத்துக்கு வாங்குவார். வீட்டில் துணி காயப்போடும் கொடிகூடப் பழைய லிஃப்ட் கயிறுதான். ஒரு கைக்குட்டையும் இரண்டு காலுறையும் தொங்குவதற்கு அவ்வளவு பெரிய பாதுகாப்பு வேறு எந்த வீட்டிலும் கிடையாது. அலுவலகத்தில் அவருடைய பெயரே "பன்னெண்டு மடங்கு" என்றாகிவிட்டது. அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை. விழுந்தது ஒரே ஒரு சைக்கிள்தான். அது அவருடைய மனைவியின் சைக்கிள்.

போன வருஷம் கல்யாண நாளன்று, ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியைச் சுற்றி இருவரும் சைக்கிள் ஓட்டுவதென்று கிளம்பினார்கள். அப்போது இருந்தது டிக்கி மூடியில் பட்டை போட்டுக் கட்டும் சாதாரண ரேக். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடித்துவிட்டுப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் பின்னால் ஏதோ உருண்டது. கண்ணாடியில் பார்த்தால், மனைவியின் நீலச் சைக்கிள் சாலையின் நடுவில் படுத்திருந்தது. அடுத்து வந்த லாரி அதன் மேல் ஏறிப்போனது. லாரிக்காரர் நிறுத்தக்கூட இல்லை.

மனைவி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் வீடு வந்து சேரும்வரை குலுங்கிக்கொண்டே இருந்தன. பின் சீட்டில் இருந்த மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "விடுங்க, போனது போகட்டும்" என்று அன்று ராத்திரி மனைவி சொன்னபோது ஆய்வாளர் மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட மனுஷியின் சைக்கிளைப் போய்க் காப்பாற்ற முடியாமல் போயிற்றே.

மறு மாதமே சிவப்பில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. மனைவி அதில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒன்று கால் சுளுக்கும், இல்லாவிட்டால் தலை வலிக்கும். அதற்கு முன்பெல்லாம் ஒரு ஞாயிறு தவறியதில்லை. தலைக்கவசம், முழங்கால் உறை, முழங்கை உறை, பளபளக்கும் மஞ்சள் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு மனைவி முன்னால் ஓட்ட, இவர் பின்னால் விசில் ஊதிக்கொண்டே வருவார். ஒரு ஊதல் என்றால் இடது, இரண்டு என்றால் வலது, மூன்று என்றால் பிரேக். கல்யாணம் பேசும்போது "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று இவர் கேட்டதற்கு "சைக்கிள் ஓட்டப் பிடிக்கும்" என்று சொன்னவள் அவள். அவளா இப்படி ஆகிவிட்டாள் என்று அவருக்கு வருத்தம். சைக்கிள் விழுந்த அதிர்ச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அதே சாலையில், அதே ஏரிக்கு, விழாமல் ஒரு தடவை கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது போகும் என்று முடிவு கட்டினார். நாளைக் காலையில் மறுபடியும் கல்யாண நாள். அதனால்தான் இந்த ரேக்.

"இறங்குங்க, கடையில எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி. இறங்கினார்.

கடைக்காரர் மூச்சு விட்டுக்கொண்டு வரிசையாகக் காட்டினார். பம்பருக்கு அடியில், காரின் சட்டத்தோடு சேர்த்து ஒரு சதுரக் குழாயை முடுக்கிவிட வேண்டும். அதற்கு ஹிட்ச் என்று பெயர். ரேக்கின் வால் அந்தக் குழாய்க்குள் போகும். அதிலும் இரண்டு வகை. சைக்கிளைக் கையில் தொங்கவிடுவது ஒன்று. தட்டில் சக்கரத்தை நிறுத்தி, மேலே கொக்கியால் அமுக்கிப் பிடிப்பது இன்னொன்று.

"தொங்குறது எல்லாம் ஆடும்" என்றார் ஆய்வாளர். "தட்டு வெச்சதே இருக்கட்டும்."

மனைவி குனிந்து ரேக்கின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல எந்த இடம் முதல்ல விட்டுப்போகும்?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"எந்த இடமும் விடாதும்மா."

"மனுஷன் செஞ்சதுதானே? எங்கயாவது ஒரு இடம் இருக்குமில்ல?"

ஆய்வாளர் பெருமையோடு கடைக்காரரைப் பார்த்தார். பத்து வருஷம் பயிற்சி கொடுத்தாலும் அவருடைய உதவியாளர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

"பழைய பட்டை ரேக்கே போதும்னு எனக்குத் தோணுது. எளிமையா இருந்துச்சு" என்றாள் மனைவி.

"நீ செலவைப் பார்க்காதே" என்றார் அவர் கனிவாக.

"அப்படின்னா இந்த மடக்குற மாடலைப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர். "டிக்கி திறக்கணும்னா இந்தக் கம்பியை இழுத்தா போதும், ரேக் அப்படியே பின்னாடி சாயும்."

"கம்பியை இழுத்தா சாஞ்சிடுமா? யார் வேணா இழுக்கலாமா?" என்று மனைவி ஆவலாகக் கேட்டாள். "இதையே எடுத்துக்கலாங்க."

"மடங்குற இடமெல்லாம் முறியுற இடம்" என்றார் ஆய்வாளர். அது அவருடைய வேதவாக்கு. கார் வாங்கியபோதும் பின் சீட் மடங்காத வண்டியாகத்தான் தேடி வாங்கினார். "மடங்காததுல இருக்கிறதுலயே கனமானதைக் காட்டுங்க. கூடவே பூட்டும் வேணும்."

கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு ஆளோடு சேர்ந்து ஒன்றைத் தூக்கிவந்து தரையில் வைத்தார். தரை அதிர்ந்தது. நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பம். நாலு சைக்கிள் நிற்கும் அகலத்துக்குத் தட்டு. பூட்டு வாத்துமுட்டை அளவு இருந்தது.

"இதை ரம்பம் போட்டாலும் அறுக்க முடியாது சார். ரம்பத்தோட பல்லுதான் போகும்."

"சாவி இல்லாம திறக்க ஏதாவது வழி?" என்றாள் மனைவி.

"கம்பெனிக்காரங்களாலயே முடியாதும்மா."

மனைவி பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டு ஆய்வாளர் பணத்தைக் கட்டினார்.

மத்தியானம் மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டியை டிக்கியில் வைத்து, அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, வரும் வழியிலேயே மெக்கானிக் பட்டறையில் வண்டியை விட்டார் ஆய்வாளர். மாமியாருக்குக் காது மந்தம். காதில் ஒரு கருவி வைத்திருந்தார். அது இருந்தால் அடுத்த அறையில் ஊசி விழுந்தால்கூடக் கேட்கும். இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் "யாரு, கதவு தட்டுறாங்களா?" என்பார்.

"இந்த வண்டிக்குச் சின்னக் குழாய் போதும் சார்" என்றார் மெக்கானிக்.

"பெருசையே போடுங்க."

"வண்டி, ஹிட்ச் ரெண்டுல எது எதுல மாட்டியிருக்குன்னு தெரியாமப் போயிடும் சார்."

போட்டார். ரேக்கின் வாலை வைத்துப் பார்த்ததில், குழாய்க்குள் ஒரு நூல் இடம்விட்டு லேசாக ஆடியது. ஆய்வாளர் முகம் சுருங்கியது. ஒரு பக்கம் ஆப்பு வைத்து இறுக்கச் சொன்னார். பிறகு மறுபக்கமும். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு போல்ட்.

"கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் சார் நாளைக்குக் கழட்ட வசதியா இருக்கும்."

"கழட்டுறதைப் பத்தி இப்ப யார் பேசினது?"

மெக்கானிக் ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். கடைசி வேலையை ஆய்வாளரே செய்தார். முதலில் சாவி பத்திரம், பிறகுதான் பூட்டு என்பது அவருடைய முறை. இரண்டு சாவிகளையும் தொலையாமல் இருக்க ஒரே வளையத்தில் கோத்து, டிக்கிக்குள் இருந்த கருவிப்பெட்டியில் வைத்து, டிக்கியை அழுத்தி மூடினார். ரேக்கை உள்ளே தள்ளி, ஆப்புகளை அடித்து, போல்ட்டை முடுக்கி, பூட்டை அமுக்கினார். டக் என்றது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ரேக் ஆடவில்லை, அதோடு சேர்ந்து கார்தான் ஆடியது.

"மாப்பிள்ளை, காதுக்குள்ள கீ கீன்னு கத்துது" என்றார் மாமியார் முன்சீட்டிலிருந்து. "பேட்டரி தீரப்போகுது. பெட்டியில வேற இருக்கு. வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கிறேன்."

வீட்டுக்குப் போனார்கள். வாசலில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்தார். மூடி நாலு விரல் அளவு மேலே வந்து, ரேக்கின் கம்பத்தில் இடித்து நின்றது.

மறுபடியும் மூடிவிட்டுத் திறந்தார். மறுபடியும் நாலு விரல்.

"ரேக்கைக் கழட்டிட்டுத் திறங்க" என்றாள் மனைவி.

"பூட்டியிருக்கே."

"சாவி எங்க?"

அவர் நாலு விரல் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பின் சீட்டை மடக்கி எடுக்கலாமே" என்றாள், சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"மடங்குற இடமெல்லாம்..." என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள்.

இடுக்கில் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுவரை போயிற்று. பெட்டியின் கைப்பிடி விரலில் பட்டது. மாமியாரின் துணி, மாத்திரை, பேட்டரி எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. கை மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க மனைவி சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் ரம்பத்தோடு வந்து பூட்டை அறுக்க உட்கார்ந்தார். ஒரு பிளேடு போயிற்று. இன்னொன்று போட்டார். அதுவும் போயிற்று. பூட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது.

"பார்த்தீங்களா? கடைக்காரர் சொன்னது நிஜம்" என்றார் ஆய்வாளர். அவரையும் மீறிக் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது.

"சார், நீங்க யார் பக்கம்?" என்றார் மெக்கானிக். ஸ்பேனரைத் திருப்பிக் கேட்கக்கூட நினைவில்லாமல் போய்விட்டார்.

கடைக்காரருக்குப் போன் செய்தார். "ரெண்டு சாவி கொடுத்தேனே சார்?" என்றது மறுமுனை. இரண்டும் ஒரே வளையத்தில் இருப்பதைச் சொன்னார். கம்பெனிக்கு எழுதிப் புதுச் சாவி வர பத்து நாள் ஆகும் என்றார்கள். மருந்துக்கடைக்கு ஓடினார். அந்த அளவு பேட்டரி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். திரும்பி வரும்போது மாமியாரின் கருவி கடைசியாக ஒரு கீச்சுக் கொடுத்துவிட்டு அடங்கியிருந்தது.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலும் கேட்காது. ராத்திரி சாப்பாட்டின்போது மாமியார் மகளிடம் குனிந்து, கையை வாயருகே வைத்து, ரகசியமாக, "மாப்பிள்ளை ரொம்ப இளைச்சிட்டாரே, சரியா சாப்பாடு போடுறியா இல்லையா?" என்று கேட்டார். எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"ஏண்டி, நாளைக்கு நீ..." என்று அவர் அடுத்த ரகசியத்தை ஆரம்பித்ததும், மனைவி சட்டென்று அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி பரிமாறி, "பேசாம சாப்பிடும்மா" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அம்மாவுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாள் என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி மெல்லப் பேச்செடுத்தாள்.

"இவ்வளவு சிக்கலா இருக்கே, நாளைக்குப் போகாம இருந்திடலாமா? சாவி வந்த பிறகு பார்த்துக்கலாம்."

"சிக்கலா? எங்க சிக்கல்?" என்றார் ஆய்வாளர். அவர் இதைப் பற்றிச் சாயங்காலம் முழுக்க யோசித்திருந்தார். "நான் பூட்டினதை நானே கழட்ட முடியல. மெக்கானிக்காலயும் முடியல. கம்பெனிக்குப் பத்து நாள் வேணும். நாளைக்கு ரோட்டுல அதுவா கழண்டு விழுமா? இதைவிட உத்தரவாதம் உலகத்துல எவனுக்குக் கிடைக்கும்?"

தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே அவள், "ரேக் விழாது, சரி. சைக்கிள்? அந்தக் கொக்கியைப் பட்டன் அழுத்தினா விட்டுடும்னு கடையில பார்த்தேனே" என்று பாதி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆய்வாளர் துள்ளி எழுந்தார். இது அவருக்கே தோன்றவில்லை. கொக்கியைப் பூட்டும் சாவியும் டிக்கிக்குள்தானே இருக்கிறது. நேராகக் கொல்லைப்பக்கம் போய், காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கொடியைக் கழற்றி எடுத்துவந்தார்.

"நல்லவேளை, நீ சொன்னே" என்றார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

காலையில் இரண்டு சைக்கிளையும் தட்டில் நிறுத்தினார். கொக்கியை அமுக்கினார். அதற்கு மேல் லிஃப்ட் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முனைகளைச் சேர்த்து இரும்புக் கவ்வி போட்டு, கவ்விக்கு நட்டு போட்டு, மெக்கானிக்கின் ஸ்பேனரால் முடுக்கினார். சிவப்புச் சைக்கிள் கைதி மாதிரி நின்றது. இதற்குள் கனம் தாங்காமல் காரின் பின்பக்கம் தரையைப் பார்த்துத் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"அத்தையை முன்னாடி உட்கார வெச்சா சரியாயிடும்" என்றார் ஆய்வாளர்.

"அவங்க எதுக்கு? வீட்டுல இருக்கட்டுமே" என்றாள் மனைவி அவசரமாக.

மாமியாரோ ஏற்கெனவே மகளின் புடவையைக் கட்டிக்கொண்டு காருக்கு அருகில் தயாராக நின்றிருந்தார். "என் பெட்டி எங்க போகுதோ அங்க நான் போவேன்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். காரின் மூக்கு தாழ்ந்து ஒருவாறு சமநிலைக்கு வந்தது. பலமான மாமியாரும் ஒரு பாக்கியம்தான் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார், வெளியே சொல்லவில்லை. மனைவி பின்சீட்டில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஸ்பேனர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "ராத்திரியே தலையணைக்கடியில வெச்சுத்தான் தூங்கினேன்."

"கொடுங்களேன், நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

"உனக்கு எதுக்கு அந்தக் கவலையெல்லாம். நீ ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு வா."

கார் ஊர்ந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் ஹிட்ச் அதைச் செதுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் வந்த வண்டிகள் மரியாதையான தூரத்தில் வந்தன. ஆய்வாளர் கண்ணாடியில் சிவப்பு நிறத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, சிவப்பு அசையவில்லை. அவருக்கு விசில் ஊத வேண்டும் போல இருந்தது.

போன வருஷம் நிறுத்திய அதே பெட்ரோல் பங்க் வந்தது. காற்றடிக்காமல் போவது அவர் சட்டத்தில் கிடையாது. இறங்கி, காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துக்கு அருகில் உட்கார்ந்தார். போன வருஷம் இங்கே டயரைப் பார்த்தேனே தவிரப் பட்டையைப் பார்த்தேனா என்ற நினைப்பு வந்து அவரைக் குத்தியது. ஒரு தடவை பின்னால் போய் இழுத்துப் பார்த்திருந்தால் அந்த நீலச் சைக்கிள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அவளும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

முன்சக்கரம் இரண்டும் முடிந்து பின்னால் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

மனைவி ரேக்குக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். இரண்டு கையாலும் கவ்வியைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு காலைப் பம்பரில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சும்மா... இறுக்கமா இருக்கான்னு..." என்றாள்.

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி உயிரைக் கொடுத்து ஒருவர் சோதித்துப் பார்த்து அவர் கண்டதில்லை.

"இழு, இன்னும் நல்லா இழுத்துப் பாரு" என்றார். "போன வருஷம் இதே இடத்துல நான் இப்படி ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல. அது என் தப்பு. ஒரு வருஷமா உன் முகத்தை நேராப் பார்க்க முடியாமத் தவிக்கிறேன். நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்."

மனைவியின் முகம் மாறியது. அவள் கவ்வியிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னங்க" என்றாள் தயங்கி. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்போது காரின் முன் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. மாமியாரின் தலை வெளியே வந்தது. காருக்குப் பின்னால் மகள் மட்டும்தான் இருக்கிறாள் என்ற நினைப்பில், கையை வாயருகே குவித்து, பெட்ரோல் போட வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி ரகசியமாகக் கேட்டார்:

"ஏண்டி, இன்னுமா அவுக்குற? போன வருஷம் இதே இடத்துல, மாப்பிள்ளை ஒரு டயருக்குக் காத்தடிச்சு முடிக்கிறதுக்குள்ள பட்டையை அவுத்துவிட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டியே."